அளவறியா அறிவுரைகள்: இல்லக் கரிம வெளியேற்றம் பற்றிய தமிழ் எழுத்துகள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

இல்லங்களிலிருந்து வெளியேறும் கரிவளியை அன்றாடத் தேர்வுகளின் வழி குறைப்பது பற்றிய தமிழ் எழுத்துகள் கடந்த இருபது ஆண்டுகளில் பெருகியுள்ளன. நாளிதழ்களின் ஞாயிறு மலர்கள், மாணவர் இதழ்கள், தேர்வுக்கான மாதிரிக் கட்டுரைத் தொகுப்புகள், பேச்சுப்போட்டி உரைகள், துண்டறிக்கைகள் எனப் பல வடிவங்களில் இவை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் வாசகரை வந்தடைகின்றன. இலக்கியத் திறனாய்வாளர் இவற்றை இலக்கியம் எனக் கொள்வதில்லை. அறிவியலாளர் இவற்றை அறிவியல் எனக் கொள்வதில்லை. எனவே இருவர் பார்வையிலும் படாமல் இவை மதிப்பீட்டிற்கு அப்பாற்பட்டு நிற்கின்றன. ஆயினும் நம் மாணவர்கள் மிகுதியாகப் படிப்பதும் பின்பற்றி எழுதுவதும் இவ்வகை எழுத்துகளையே என்பது நோக்கத்தக்கது.

தனியொரு நூலையோ ஆசிரியரையோ மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஓர் எழுத்து வகையின் சொல், வடிவம், வாதம் ஆகிய மூன்றையும் ஆராய்வதே இதன் நோக்கமாகும். இவ்வெழுத்துகளின் நல்லெண்ணம் ஐயத்திற்கு இடமற்றது. ஆனால் இவற்றில் இரண்டு அடிப்படைக் குறைகள் காணப்படுகின்றன. எச்செயல் எவ்வளவு குறைக்கும் என்ற அளவு இவற்றில் இல்லை. அச்செயலைச் செய்ய வல்லார் எவர் என்ற தெளிவும் இல்லை. இவ்விரு குறைகளும் அறிவியல் அறிவின் போதாமையால் மட்டும் எழுந்தவையல்ல. நாம் பயிற்றுவிக்கும் கட்டுரை நடையிலேயே வேர்கொண்டவை. ஆகவே அவற்றைக் களையும் பொறுப்பில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு என்பது நம் கருத்தாகும்.

பயனீட்டாளரும் நுகர்வோரும்

முதற்கண் சொற்களை நோக்குவோம். பொருள்களை வாங்கிப் பயன்படுத்துவோரைத் தமிழ்நாட்டில் 'நுகர்வோர்' என்பர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'பயனீட்டாளர்' என்ற சொல்லே நிலைபெற்றுள்ளது. 2019-இல் மறைந்த எஸ்.எம். முகம்மது இத்ரீஸ் நெடுங்காலம் தலைமையேற்று நடத்திய பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் தமிழ்ப் பணிகள் இச்சொல்லை இந்நாட்டு மக்களிடையே வேரூன்றச் செய்தன எனலாம். ஒரே பொருளைச் சுட்டுவன போலத் தோன்றினும் இவ்விரு சொற்களும் இருவேறு நோக்குகளைக் கொண்டவை.

நுகர்தல் என்பது புலன்களால் துய்த்தலைக் குறிப்பது. மணிமேகலை எடுத்துரைக்கும் பன்னிரு நிதானங்களில் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்பன இவ்வரிசையிலேயே இடம்பெறுகின்றன. வேட்கையிலிருந்து நுகர்வு பிறப்பதாகவே இன்றைய வணிகவியல் பெரிதும் கொள்கின்றது. நுகர்விலிருந்தே வேட்கை பிறக்கின்றது என்கிறது பௌத்த மரபு. குளிரூட்டியில் உறங்கிப் பழகியவர்க்கு மின்விசிறி போதாமற் போவதை எண்ணிப் பார்த்தால் இவ்வரிசையின் உண்மை புலப்படும். ஒருமுறை தொடங்கிய நுகர்வு அடுத்த தேவையைத் தானே உருவாக்கிக் கொள்கின்றது.

'பயனீட்டாளர்' என்பதோ பயனை ஈட்டுபவர் என விரியும். இச்சொல் பொருளைவிடப் பயனையே முன்னிறுத்துகின்றது. இல்லத்தார்க்கு வேண்டுவது மின்சாரமன்று. குளிர்ச்சியும் வெளிச்சமும் சமைத்த உணவுமே ஆகும். அவர்க்கு வேண்டுவது பெட்ரோலன்று. ஓரிடத்தை உரிய நேரத்தில் சென்றடைதலாகும். இதே பயனை இதனினும் குறைந்த கரிமச் செலவில் ஈட்ட இயலுமா என்பது இச்சொல் எழுப்பும் வினா. இப்பயன் இந்த அளவில் வேண்டுவதுதானா என்பது 'நுகர்வு' என்ற சொல் எழுப்பும் வினா. இல்லக் கரிம வெளியேற்றம் பற்றிய சிந்தனைக்கு இரண்டு வினாக்களும் இன்றியமையாதன. நம் கட்டுரைகள் இவ்விரு சொற்களையும் கையாளுகின்றன. இவ்வினாக்களை மட்டும் கேட்பதில்லை.

கலைச்சொற்களிலும் ஒருமை காணப்படவில்லை. ஒரே வளி 'கரிவளி', 'கரியமிலவாயு', 'கார்பன்-டை-ஆக்சைடு' என மூன்று பெயர்களில் மாணவர் முன் வருகின்றது. 'கரிமத் தடம்', 'கார்பன் சுவடு' என்பனவும் அவ்வாறே. சில இடங்களில் ஒரே கட்டுரைக்குள்ளேயே இவை மாறி மாறி வருவதால் வெவ்வேறு பொருள்கள் பேசப்படுவதாக மாணவர் மயங்க இடமுண்டு. மலேசியப் பள்ளிகளில் பழகிய 'கரிவளி' என்பதையே இக்கட்டுரை கைக்கொள்கின்றது. மீத்தேன், குளிரூட்டி வளிகள் முதலியவற்றின் வெப்பமூட்டும் ஆற்றலைக் கரிவளியின் அளவாக மாற்றிக் கூறுமிடத்துக் 'கரிவளிச் சமன்' என்று வழங்குகின்றோம்.

பட்டியல் வடிவமும் அதன் விளைவும்

இவ்வகைக் கட்டுரைகளின் வடிவம் பெரும்பாலும் ஒன்றே. உலகம் வெப்பமடைகின்றது என்ற முன்னுரை. அதன் பின்னர் ஓர் அறிவுரைப் பட்டியல். இறுதியில் எதிர்காலத் தலைமுறைக்காகக் கைகோத்துச் செயல்படுவோம் என்ற அறைகூவல். மரம் நடுதல், அறையை விட்டு நீங்கும்போது விளக்கை அணைத்தல், துணிப்பை எடுத்துச் செல்லுதல், மறுசுழற்சி செய்தல், குழாயை மூடுதல், மிதிவண்டி ஓட்டுதல் என்பன பட்டியலில் தவறாது இடம்பெறுகின்றன.

இப்பட்டியலின் இலக்கண அமைப்பு கருதத்தக்கது. 'விளக்கை அணைப்பதும் பையை மறுப்பதும் மரம் நடுவதும்' என்று எண்ணும்மையால் அடுக்கும்போது உறுப்புகள் அனைத்தும் நிகரானவையாகி விடுகின்றன. 'அணைப்போம், மறுப்போம், நடுவோம்' என முடியும் தொடர்களும் அவ்வாறே. ஓசை நயமும் ஒழுங்கும் அமைகின்றன; தேர்வில் மதிப்பெண்ணும் கிட்டுகின்றது. ஆனால் எது பெரிது, எது சிறிது என்ற வேறுபாடு முற்றிலும் மறைந்து விடுகின்றது. கருத்தைத் தெளிவுபடுத்த வேண்டிய நடையே கருத்தை மறைக்கும் திரையாகின்றது.

மேலும், வெவ்வேறு சிக்கல்களை ஒன்றெனக் காட்டுவதும் இவ்வடிவத்தின் இயல்பாகும். ஓசோன் படலத்தின் சிதைவு ஒரு சிக்கல். அதற்குக் காரணமான வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்த 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை உருவானது. 1997-இலும் 2015-இலும் இவ்வட்டாரத்தை மூடிய புகைமூட்டம், பெரும்பாலும் சுமத்திரா, கலிமந்தான் கரிமண் நிலங்களிலும் காடுகளிலும் மூண்ட தீயால் விளைந்தது. நெகிழிப் பை வடிகாலையும் கடலையும் கெடுப்பது. பருவநிலை மாற்றம் பெரிதும் புதைபடிவ எரிபொருள்களை எரிப்பதனாலும், அடுத்த நிலையில் காடழிப்பு, வேளாண்மை முதலியவற்றாலும் நேர்வது. இவற்றிடையே தொடர்புகள் உண்டெனினும் காரணங்கள் வேறு, தீர்வுகளும் வேறு. 'சுற்றுச்சூழல் தூய்மைக்கேடு' என்ற ஒரே தலைப்பின்கீழ் இவையனைத்தும் கலக்கும்போது, பையை மறுத்தவர் பருவநிலை மாற்றத்திற்குரிய தம் கடமை முடிந்ததென நிறைவு கொள்கின்றார்.

இக்குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று. 2017-இல் சேத் வைன்ஸ், கிம்பர்லி நிக்கோலஸ் ஆகியோர் கனடாவின் உயர்நிலைப் பள்ளி அறிவியல் பாடநூல்கள் பத்தினை ஆராய்ந்தனர். மறுசுழற்சி, விளக்கு மாற்றம் போன்ற சிறுபயன் தரும் செயல்களையே அப்பாடநூல்கள் பெரிதும் வலியுறுத்தியமை தெரியவந்தது. மகிழுந்து இன்றி வாழ்தல் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.4 டன் கரிவளிச் சமனைத் தவிர்க்கும் என்றும், அட்லாண்டிக் கடலைக் கடந்து சென்று திரும்பும் ஒரு வானூர்திப் பயணத்தைத் தவிர்ப்பது 1.6 டன் என்றும், தாவர உணவுக்கு மாறுதல் 0.8 டன் என்றும் அவர்கள் கணக்கிட்டனர். முழுமையான மறுசுழற்சியின் பயன் தாவர உணவின் பயனில் நான்கில் ஒரு பங்கே. அவ்வாய்வின் எல்லாக் கூறுகளும் ஏற்கத்தக்கன அல்ல. ஒரு குழந்தை குறைவாகப் பெறுதல் என்பதை முதலிடத்தில் வைக்க, பிறவாத வழித்தோன்றல்களின் வெளியேற்றத்தையும் பெற்றோர் கணக்கில் சேர்த்தமை பலரது மறுப்புக்கு உள்ளானது. எனினும், பாடநூல்கள் எளியவற்றைப் பெரிதாக்கிப் பெரியவற்றை விட்டுவிடுகின்றன என்ற அதன் மையக் கருத்து நமக்கும் பொருந்துவதே.

அளவு காட்டும் உண்மை

அளவைச் சேர்த்துப் பார்த்தால் பட்டியல் எவ்வாறு மாறுகின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பினாங்கு மாநிலம் 2009-இல் தொடங்கி 2011 முதல் எல்லா நாள்களிலும் இலவச நெகிழிப் பையை நிறுத்தியது. சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை 3 முதல் பை ஒன்றுக்குக் குறைந்தது 5 காசு வாங்கப்படுகின்றது. குப்பையைக் குறைக்கும் நோக்கில் இவை வரவேற்கத்தக்கன. ஆனால் கரிமக் கணக்கு வேறு. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகவை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி மெல்லிய நெகிழிப் பை ஒன்றின் வாழ்நாள் வெளியேற்றம் ஏறத்தாழ 20 கிராம் கரிவளிச் சமனாகும். வாரத்திற்குப் பத்துப் பை வாங்கும் குடும்பம் அவற்றை முற்றிலும் கைவிட்டால் ஓராண்டில் தவிர்ப்பது ஏறத்தாழ 10 கிலோ. பருத்திப் பையோ, வெப்பமூட்டும் விளைவைப் பொறுத்தவரை, ஒருமுறை பயன்படும் நெகிழிப் பைக்கு ஈடாக 131 முறை பயன்படுத்தப்பட வேண்டும் என்று அதே ஆய்வு கூறுகின்றது. ஒவ்வொரு மாநாட்டிலும் திருமணத்திலும் அன்பளிப்பாகப் பெற்று அலமாரியில் அடுக்கி வைக்கப்படும் துணிப்பைகள் இக்கணக்கில் எங்கு நிற்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இதனோடு படுக்கையறைக் குளிரூட்டியை ஒப்பிடுவோம். ஓரிரவில் அது 4 கிலோவாட் மணி மின்சாரம் பயன்படுத்துவதாகக் கொண்டால் ஆண்டுக்கு 1,460 கிலோவாட் மணி ஆகும். நிலக்கரியும் இயற்கை எரிவாயுவும் மிகுந்த தீபகற்ப மலேசிய மின்கட்டமைப்பில் ஒரு கிலோவாட் மணிக்கு ஏறத்தாழ 0.75 கிலோ கரிவளி வெளியாகின்றது. பெரும்பாலும் இயற்கை எரிவாயுவை நம்பியுள்ள சிங்கப்பூரில் அது ஏறத்தாழ 0.4 கிலோ, நீர்மின்சாரம் மிகுந்த சரவாக்கில் ஏறத்தாழ 0.2 கிலோ. ஆகவே ஒரே குளிரூட்டி, ஒரே பழக்கம். ஆயினும் கோலாலம்பூரில் ஆண்டுக்கு 1.1 டன், சிங்கப்பூரில் 0.6 டன், கூச்சிங்கில் 0.3 டன் என வெளியேற்றம் வேறுபடுகின்றது. கோலாலம்பூர்க் குடும்பத்தின் ஓரிரவுக் குளிர்ச்சி 150 நெகிழிப் பைகளுக்கு ஈடாகின்றது.

இவ்வெண்கள் இரண்டு உண்மைகளைப் புலப்படுத்துகின்றன. முதலாவது, பையும் குளிரூட்டியும் ஒரே பட்டியலில் அருகருகே நிற்கத் தக்கவையல்ல. அவற்றிடையே நூறு மடங்கு வேறுபாடு உள்ளது. இரண்டாவது, இல்லத்தாரின் தேர்வு எவ்வளவு பயன் தரும் என்பதை அவர்தம் இல்லத்திற்கு அப்பாலுள்ள மின்னுற்பத்தி நிலையமும் முடிவு செய்கின்றது. இரண்டாவது உண்மையை நம் கட்டுரைகள் அறவே பேசுவதில்லை.

பட்டியலில் இடம்பெறாத இன்னொன்றும் உண்டு. குளிரூட்டியின் உள்ளே ஓடும் வளி கசிந்தால் அது தனியொரு வெளியேற்றமாகும். ஆர்-410ஏ எனும் வளியின் ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில் ஏறத்தாழ 2 டன் கரிவளிக்குச் சமம். ஆர்-32 எனும் வளியில் அது ஏறத்தாழ 0.7 டன். குளிர்ச்சி குறையும்போதெல்லாம் கசிவைக் கண்டறிந்து அடைக்காமல் 'கேஸ் ஏற்றி'ச் செல்லும் வழக்கம் நம் வட்டாரத்தில் பரவலாக உள்ளது. பழுதுபார்ப்பவரிடம் 'கசிவு எங்கே?' என்று கேட்பதும், புதிய பொறி வாங்குங்கால் அதன் வளி எதுவெனக் கேட்பதும், ஆண்டு முழுவதும் பை மறுப்பதனினும் பன்மடங்கு பயன் தரும் பயனீட்டாளர் செயல்களாகும்.

அடுக்களையும் பயணமும்

உணவைப் பொறுத்தவரை, பிறநாட்டு அறிவுரைகளை அவ்வாறே பெயர்த்தெழுதும் போக்கு காணப்படுகின்றது. மாட்டிறைச்சியைக் குறையுங்கள் என்பது மேலைநாட்டாருக்கு உரிய தலையாய அறிவுரை. மாட்டிறைச்சி உண்ணாத குடும்பங்கள் பெரும்பான்மையாக உள்ள தமிழ் வாசகரிடையே அதனைத் திரும்பக் கூறுவதால் விளையும் பயன் சிறிதே. நாம் ஏற்கெனவே நல்லவர்கள் என்ற மனநிறைவு மட்டும் எஞ்சும். நம் அடுக்களைக்கு ஏற்ற கணக்கு ஆட்டிறைச்சியில் தொடங்க வேண்டும். 2018-இல் பூர், நெமெசெக் ஆகியோர் 119 நாடுகளின் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து வெளியிட்ட ஆய்வின் உலகச் சராசரிப்படி, 100 கிராம் புரதம் பெற ஆட்டிறைச்சியில் ஏறத்தாழ 20 கிலோ கரிவளிச் சமனும், கோழியில் 6 கிலோவும், பருப்பு வகைகளில் ஒரு கிலோவுக்கும் குறைவாகவும் வெளியாகின்றது. பண்டிகைக்கு ஆட்டிறைச்சி சமைப்பது வேறு. ஒவ்வொரு ஞாயிறும் கட்டாயமாக்கிக் கொள்வது வேறு. வாரந்தோறும் ஒரு கிலோ என்றால் ஆண்டில் அது 2 டன்னை எட்டும். அதே வேளையில், சாம்பாரும் கூட்டும் பயறும் நாள்தோறும் சமைக்கும் இல்லம் கரிமக் கணக்கில் முன்னிற்கின்றது என்பதையும் நாம் எடுத்துரைக்க வேண்டும். பருப்பு கப்பலில் வருவதே என்று தயங்க வேண்டுவதில்லை. உணவு சார்ந்த வெளியேற்றத்தில் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 6 விழுக்காடே என அவ்வாய்வு காட்டுகின்றது. எங்கிருந்து வந்தது என்பதைவிட எது என்பதே முதன்மையானது.

சோறும் இவ்வாறே. நீர் தேங்கிய வயலில் மீத்தேன் எழுவதால் ஒரு கிலோ அரிசிக்கு உலகச் சராசரியில் ஏறத்தாழ 4.5 கிலோ கரிவளிச் சமன் வெளியாகின்றது. நாள்தோறும் 100 கிராம் அரிசியின் சோற்றைக் கொட்டும் இல்லம் ஆண்டில் ஏறத்தாழ 160 கிலோவை வீணாக்குகின்றது. உலகில் 2022-இல் வீணான 105 கோடி டன் உணவில் 60 விழுக்காடு இல்லங்களில் வீணானது என்பது ஐக்கிய நாட்டுச் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை தரும் செய்தி. சோற்றை வீணாக்காதே என்று நம் இல்லத்து மூத்தோர் கூறிவந்த அறிவுரை, பருவநிலை பற்றிய அறிவுரைகளுள் முதல் வரிசையில் வைக்கத்தக்கதாகும். ஆனால் நம் மாதிரிக் கட்டுரைகளில் அது 'சிக்கனம்' என்ற வேறு தலைப்பின்கீழ் ஒதுங்கிக் கிடக்கின்றது.

பயணத்தைப் பற்றியும் நாம் வாய்திறப்பதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோ கரிவளி வெளியாகின்றது. 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் மகிழுந்தில் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் வீதம் 250 வேலைநாள் செல்பவர் ஆண்டில் 1.8 டன்னுக்குப் பொறுப்பாகின்றார். கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குச் சென்று திரும்பும் வானூர்திப் பயணம் ஒருவர்க்கு ஏறத்தாழ அரை டன் என மதிப்பிடலாம். திருமணப் புடைவை எடுக்க நால்வர் சென்று வந்தால் அது 2 டன். இதனைக் கூறுவது உறவையோ வழிபாட்டையோ பழிப்பதாகாது. முதியோரைக் காணவும் புனிதத் தலங்களை வழிபடவும் செல்வோர் செல்லத்தான் வேண்டும். ஆனால் விளக்கை அணைக்கச் சொல்லும் கட்டுரை, ஓராண்டில் மூன்று முறை கடல் கடப்பதைப் பற்றி வாளாவிருப்பது நேர்மையாகாது.

'நாம்' எனும் சொல்

இவ்வெழுத்துகளின் எழுவாய் பெரும்பாலும் 'நாம்' என்பதே. தமிழில் முன்னிலையாரை உளப்படுத்தும் 'நாம்' வேறு, உளப்படுத்தாத 'நாங்கள்' வேறு. இவ்வேறுபாடு நம் மொழியின் சிறப்புகளுள் ஒன்று. ஆனால் இக்கட்டுரைகளின் 'நாம்' யாரை உளப்படுத்துகின்றது என்ற வினா எழுகின்றது. தோட்டத்தை விட்டு வெளியேறி மலிவுவிலை அடுக்குமாடியில் ஒரு மின்விசிறியோடு வாழும் குடும்பமும், ஐந்து குளிரூட்டிகளும் மூன்று மகிழுந்துகளும் உடைய குடும்பமும் ஒரே 'நாம்' ஆகிவிடுகின்றன. 1990 முதல் 2015 வரை உலகின் கரிவளி வெளியேற்றத்தில் 52 விழுக்காட்டிற்கு மிகச் செல்வமிக்க 10 விழுக்காட்டினரும், 7 விழுக்காட்டிற்கு வறியோரான 50 விழுக்காட்டினரும் காரணமாயினர் என்று ஆக்ஸ்ஃபாம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. சிங்கப்பூரில் தரைவீடுகளின் சராசரி மின்பயன்பாடு ஓரறை, ஈரறை வீவக வீடுகளைப் போல் ஐந்து மடங்குக்கும் மேற்பட்டது.

தமிழ்ப்பள்ளி மாணவருள் கணிசமானோர் குறைந்த வருமானக் குடும்பத்தினர். கரிமக் கணக்கில் மிகச் சிறியதற்கே பொறுப்பான அவர்கள், 'நாம் பூமியை அழிக்கின்றோம்' என்று எழுதிக் குற்றத்தை ஏற்றுக்கொள்ளப் பழக்கப்படுகின்றனர். இது கல்வி அறத்திற்கு உகந்ததன்று. அவர்தம் பெற்றோரின் வாழ்க்கை முறையில் பேருந்துப் பயணம், பழையது உண்ணல், உடையை அண்ணனிடமிருந்து தம்பி பெறுதல் ஆகியவை உண்டு. அவை வறுமையின் அடையாளமாக மட்டும் காட்டப்படுவதும், அவற்றையே வசதியுள்ளோர் செய்யும்போது 'பசுமை வாழ்வு' எனப் போற்றப்படுவதும் சிந்தனைக்குரியன.

எதிர்வாதமும் அதன் எல்லையும்

இல்லத்தாரின் தேர்வுகளால் ஆவது ஒன்றுமில்லை. குற்றம் முழுதும் எண்ணெய் நிறுவனங்களுடையதே என்ற எதிர்வாதமும் அண்மைக்காலத்தில் தமிழில் ஒலிக்கின்றது. அதற்கு ஆதாரமும் உண்டு. 'சூழலியல் தடம்' என்ற கருத்தாக்கத்தை 1990-களில் வில்லியம் ரீஸ், மத்தீஸ் வாக்கர்நாகல் ஆகிய அறிஞர்கள் உருவாக்கினர். அதிலிருந்து கிளைத்த 'கரிமத் தடம்' என்ற தொடரை 2000-களின் நடுப்பகுதியில் தன் விளம்பரங்களால் மக்களிடையே பரப்பியது பிபி எனும் எண்ணெய் நிறுவனமாகும். 2007-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியார் பிரிட்டனின் அவ்வாண்டுக்குரிய சொல்லாக அதனைத் தேர்ந்தனர். எண்ணெய் விற்பவரே எண்ணெய் வாங்குபவரிடம் 'உமது தடம் எவ்வளவு?' என்று கேட்டமை, பொறுப்பை இடம் மாற்றும் உத்தி என்று திறனாய்வாளர் சுட்டுவது பொருத்தமே.

ஆயினும் எதிர்வாதமும் தன் எண்களைக் கவனத்துடன் கையாள வேண்டும். 1988 முதல் வெளியான தொழில்துறைப் பசுங்குடில் வளிகளில் 71 விழுக்காடு 100 நிறுவனங்களோடு தொடர்புடையது என்ற 2017-ஆம் ஆண்டு அறிக்கை அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. அவ்வெண்ணில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, அந்நிறுவனங்கள் விற்ற எரிபொருளை வாங்கியோர் எரித்ததனால் வந்தது என்பது எடுத்தாளப்படுவதில்லை. நிறுவனமும் இல்லமும் ஒரே சங்கிலியின் இரு முனைகள். ஒன்றைச் சுட்டி மற்றொன்றை விடுவிக்க இயலாது.

உண்மையில் சட்டமும் தேர்வும் ஒன்றுக்கொன்று துணையாவன. சிங்கப்பூர் 2008-இல் குளிரூட்டிகளுக்கும் குளிர்பதனப் பெட்டிகளுக்கும் ஆற்றல் முத்திரையைக் கட்டாயமாக்கியது. 2011-இல் குறைந்தபட்சத் திறனையும் வரையறுத்தது. மலேசியாவும் 2013-இல் அவ்வாறே குறைந்தபட்சத் திறனை விதித்தது. அதன் ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி முதல் நடப்பிற்கு வந்தது. சிங்கப்பூரில் 2019-இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய கரிம வரி 2024-இல் 25 வெள்ளியாகவும் 2026-இல் 45 வெள்ளியாகவும் உயர்ந்தது. மிகத் தாழ்ந்த பொறி கடையிலேயே இல்லாதபோது பயனீட்டாளர் தவறாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் குறைகின்றது. கிள்ளான் பள்ளத்தாக்கில் 2017-இல் முழுமையடைந்த காஜாங் தடமும் 2023-இல் முழுமையடைந்த புத்ராஜெயா தடமும், மகிழுந்தை வீட்டில் விட்டுச் செல்லும் தேர்வைப் பல்லாயிரவர்க்கு வழங்கின. அத்தடங்கள் எட்டாத சிற்றூர்களில் அதே அறிவுரை வெறுஞ்சொல்லாகும்.

மறுபுறம், சட்டமும் தனித்து நின்று போதாது. பொறியின் திறன் கூடும்போது பயன்பாடும் கூடக்கூடும் என்பதை நிலக்கரியை முன்வைத்து 1865-இலேயே ஜெவன்ஸ் சுட்டினார். மின்கட்டணம் குறைந்ததென்று இரண்டாவது அறைக்கும் குளிரூட்டி பொருத்தினால் சேமிப்பு கரைந்துவிடும். நுகர்வு வேட்கையை வளர்க்கும் என்ற பழங்கருத்து இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

வகுப்பறையில் செய்யத்தக்கன

இக்குறைகளைக் களையத் தமிழாசிரியர் அறிவியலாசிரியராக வேண்டுவதில்லை. ஒவ்வோர் அறிவுரையையும் எழுதும்போது மாணவர் மூன்று வினாக்களுக்கு விடையளிக்கப் பழகினால் போதும். இஃது எவ்வளவு குறைக்கும்? இதனைச் செய்ய வல்லார் எவர்? அவரால் இயலாதவிடத்து எவர் செய்ய வேண்டும்? வீட்டு மின்கட்டணச் சீட்டில் அச்சிடப்பட்டுள்ள கிலோவாட் மணியைத் தம் மாநிலத்திற்குரிய எண்ணால் பெருக்கும் கணக்கு, உயர்நிலை மாணவர்க்குக் கடினமன்று. அவ்விடையை வைத்துக்கொண்டு எழுதும் வாதக்கட்டுரை, 'அணைப்போம், காப்போம்' என முடியும் கட்டுரையினும் ஆழமுடையதாகும். வீட்டுச் சீட்டை வகுப்பில் காட்டத் தயங்கும் மாணவர்க்கு ஆசிரியரே ஒரு மாதிரிச் சீட்டை வழங்கலாம்.

மேற்கோள் பயன்பாட்டையும் மறுசிந்தனைக்கு உட்படுத்தல் நன்று. சுற்றுச்சூழல் கட்டுரை என்றவுடன் திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தை நாடுவது வழக்கமாகிவிட்டது. மழையின் பெருமை அங்குப் பேசப்படுகின்றது என்பது உண்மையே. ஆனால் நம் சிக்கல் மழையின் பெருமையை அறியாமை அன்று, அளவை அறியாமை. தன் வலிமையின் எல்லையையும் வரவுக்கேற்ற செலவையும் அறிந்து வாழ்வதைப் பேசும் வலியறிதல் அதிகாரம் இப்பொருளுக்கு நெருங்கியது. அரசியலுக்கென வகுக்கப்பட்ட அவ்வதிகாரத்தை இல்லக் கணக்கிற்குப் பொருத்திக் காட்டும் மாணவர், மேற்கோளை அணியாக அன்றி வாதமாகக் கையாளக் கற்கின்றார்.

மதிப்பெண் வழங்கும் முறையும் மாற வேண்டும். ஆறு கருத்துகளைப் பட்டியலிட்டவர்க்கு முழு மதிப்பெண்ணும், இரண்டு கருத்துகளை எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்தவர்க்குக் குறைந்த மதிப்பெண்ணும் வழங்கும்வரை பட்டியல் நடை மறையாது.

முடிவுரை

இல்லக் கரிம வெளியேற்றம் பற்றிய தமிழ் எழுத்துகள் நல்லெண்ணத்தால் நிறைந்து, அளவால் வறியனவாக உள்ளன என்பது மேற்கண்டவற்றால் புலனாகின்றது. அவை நிகரற்றவற்றை நிகராக்குகின்றன. வேறுபட்ட சிக்கல்களை ஒன்றாக்குகின்றன. வேறுபட்ட மனிதரை ஒரே 'நாம்' என்பதற்குள் அடக்குகின்றன. இதனால் வசதியுள்ளோர் எளிதில் நிறைவடைகின்றனர். எளியோர் தமக்குரியதல்லாத குற்றத்தைச் சுமக்கின்றனர்.

தமிழில் அளவோடு வாதிட இயலும் என்பதைக் காட்டும் வாய்ப்பினை இப்பொருள் நமக்கு வழங்குகின்றது. 'பயனீட்டாளர்' என்ற அரிய சொல்லை இவ்வட்டாரத் தமிழர் பெற்றுள்ளனர். ஈட்டும் பயனுக்கு ஆகும் செலவைக் கணக்கிடத் தெரிந்தவரே அப்பெயர்க்கு முழுதும் உரியவர். துணிப்பையைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு அமையாமல், அக்கணக்கையும் மாணவர் கையில் கொடுத்து அனுப்புவது நம் கடமையாகும்.